பழைய ஆப்செட் மிஷினில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று பிடிக்கும் ஓட்டம் தை பிறக்கும் வரை நிற்காது. நடுவில் மிஷினை நிறுத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆகவே பிரித்துப் பூட்டுகிற வேலைகளெல்லாம் சித்திரைக்கும் ஆனிக்கும் இடையில் முடிந்தாக வேண்டும். அந்த மூன்று மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வேகம் கூட்டித் தர முடியுமா, பிளேட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் துணி ரோலரை எடுத்துவிட்டு ஆல்கஹால் சிஸ்டம் மாட்டலாமா, மையை உடனே உலர்த்தும் யு.வி. விளக்கு வைத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். மிஷினுக்கு என்ன நோய் என்று கேட்பவர் குறைவு. வாங்கப் போகும் மருந்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

இப்படித்தான் ஓர் ஆனி மாதம், 19-க்கு 26 அங்குல நான்கு கலர் மிஷின் ஒன்றைப் பார்க்கப் போனேன். முருகன் காலண்டரின் நீல வானத்தில் குறுக்குவாட்டில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. "கியர் தேய்ந்துவிட்டது. புது செட்டுக்கு விலையும் கேட்டாயிற்று" என்றார் முதலாளி. "ஒரு மணி நேரம் கொடுங்கள் அண்ணாச்சி, பிறகு ஆர்டர் போடலாம்" என்றேன்.

ஆப்செட்டில் பிளேட்டில் உள்ள படம் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பில் விழுந்து, அங்கிருந்து தாளுக்கு மாறும்; இரண்டும் தனித்தனிச் சிலிண்டர்கள் மேல் சுற்றியிருக்கும். முதலில் ஸ்கேலை எடுத்தேன். பதினோரு பட்டைகளை எண்ணி, முதல் பட்டையிலிருந்து கடைசிப் பட்டை வரை உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தேன். வந்த இடைவெளி சிலிண்டர் கியரின் பல்லுக்குப் பல் உள்ள தூரத்தோடு சரியாகப் பொருந்தியது. அப்படியானால் கோடு கியரிலிருந்துதான் வருகிறது. முதலாளி முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. ஆனால் பல்லைத் தொட்டுப் பார்த்தால் தேய்மானம் பெரிதாக இல்லை. அடுத்து, சிலிண்டரின் இரு ஓரங்களிலும் வளையமாக ஓடும் பியரர்களைத் துடைத்து, ஒன்றின் மேல் மெலிதாக மை தடவி, இம்ப்ரெஷன் போட்டு (சிலிண்டர்களை அழுத்த நிலைக்குக் கொண்டுவந்து), மெல்லச் சுற்ற வைத்தேன். இரண்டு பியரர்களும் ஒன்றையொன்று அழுத்தி உருள வேண்டிய ரக மிஷின் அது. மை எதிர்ப் பியரருக்கு ஒரு சுற்று முழுக்கப் போய் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பாதிச் சுற்றுக்கு ஒட்டவே இல்லை.

பிளாங்கெட்டைக் கழற்றினோம். அடியில், உயரத்தைச் சரிக்கட்ட வைக்கும் முறையான பேக்கிங் தாளுக்கு மேல் மூன்று தாள்கள் கூடுதலாகக் கிடந்தன. அவற்றுக்கும் கீழே ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டைத் துண்டு! எப்போதோ தாள் சுருண்டு உள்ளே போய் பிளாங்கெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் அச்சு ஏறவில்லை என்று மிஷின்மேன் அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார். நாள் போகப் போக முட்டின் மேல் முட்டு ஏறியிருக்கிறது. அத்தனை கனமும் சேர்ந்து சிலிண்டர்களை விலக்கித் தள்ளியது. பியரர்கள் தொடாமல் போனதும், சிலிண்டர்களை ஒரே சீராக உருட்டும் பொறுப்பு முழுவதும் கியர் பற்களின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பல்லும் அடுத்த பல்லுக்குச் சுமையை மாற்றும்போது வரும் சிறு குலுங்கல்தான் வானத்தில் கோடாக விழுந்தது. புது பிளாங்கெட் போட்டு, கையேட்டில் உள்ளபடி பேக்கிங் வைத்ததும் கோடு போய்விட்டது. கியர் செட்டுக்கான பணம் அண்ணாச்சியின் பையிலேயே இருந்தது.

ஆகவே நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் பேக்கிங்குக்குத்தான். அச்சு மங்கினால் ஒரு தாளைச் சொருகுவது நம் அச்சகங்களில் அனிச்சைச் செயல் ஆகிவிட்டது. மைக்ரோமீட்டர் இல்லாத அச்சகத்தில் பிளேட் சிலிண்டரைத் தொடவே கூடாது என்பேன். கணக்கு எளிது. சிலிண்டர் உடல் பியரரைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கையேட்டில் இருக்கும். உதாரணமாக 0.50 மி.மீ. தாழ்வு, பிளேட் 0.30, அடியில் பேக்கிங் 0.30 என்றால், பிளேட் பியரரைவிட 0.10 மி.மீ. உயர்ந்து நிற்கும். பிளாங்கெட்டுக்கும் இதே கணக்கு. ஆனால் பிளாங்கெட்டை மேசையில் வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 1.95 என்று காட்டும் பிளாங்கெட் இழுத்து முறுக்கியதும் மெலிந்துவிடும். முறுக்கிய பிறகு, சிலிண்டர் மேலேயே கேஜ் வைத்து அளக்க வேண்டும். முறுக்குவதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. ஒரு ஆள் பலத்துக்கு ஒரு இறுக்கம், இன்னொரு ஆள் பலத்துக்கு வேறு இறுக்கம் என்று விடக் கூடாது.

பேக்கிங் கூடினால் அழுத்தம் மட்டும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பிளேட்டுக்கு அடியில் தாள் ஏற ஏற, தாளில் விழும் படத்தின் நீளம் குறையும். இந்த 19-க்கு 26 மிஷினில் 0.10 மி.மீ. பேக்கிங் கூடினால், 19 அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுருங்கும். நான்கு கலரில் ஒரு கலர் மட்டும் அப்படிச் சுருங்கினால், தாளின் தலையில் ரிஜிஸ்டர் (கலர் மேல் கலர் பொருந்துவது) பிடிக்கும், வாலில் பிடிக்காது. தலையைச் சரி செய்தால் வால் போகும், வாலைச் சரி செய்தால் தலை போகும். இதை, தாளைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பரின் கோளாறு என்று நினைத்துக் கிரிப்பரைத் திருகி, நல்ல கிரிப்பரையும் கெடுத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டைகளின் இடைவெளி கியர் பல்லோடு பொருந்தாமல், தாளுக்குத் தாள் ஒரே இடத்தில் ஓரிரு கோடுகள் மட்டும் விழுந்தால், அங்கே கியருக்கு வேலையே இல்லை. பிளேட்டின் இரு முனைகளும் மாட்டியிருக்கும் சிலிண்டர் இடைவெளியைத் தாண்டி வரும்போது ஏதோ ஒரு மை ரோலர் விளிம்பில் முட்டிக் குதிக்கிறது. ரோலர் பிளேட்டோடு அளவுக்கு மீறி இறுகியிருக்கும்.

அடுத்தது வேகம். பழைய டி.சி. மோட்டாரை எடுத்துவிட்டு ஏ.சி. மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் மாட்டுவது நல்ல வேலைதான். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், வேகம் சீராக இருக்கும். தவறு அடுத்த நிமிடம் நடக்கிறது. டிரைவில் எண்ணை ஏற்றினால் மிஷின் வேகம் ஏறுகிறது என்று கண்டதும், மணிக்கு 6,000 தாளுக்குச் செய்த மிஷினை 8,000-க்கு ஓட்டுவார்கள். மோட்டார் தாங்கும். தாங்காதது முன்னும் பின்னும் ஆடுகிற பாகங்கள்தாம். நின்ற தாளைப் பிடித்துச் சிலிண்டரின் வேகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்விங் கிரிப்பர் அதில் முதன்மையானது. அதன் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6,000-லிருந்து 8,000 என்பது வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். விசையிலோ ஏறக்குறைய 1.8 மடங்கு. ஸ்பிரிங்கால் அடக்க முடியாத கட்டத்தில் கேம் ரோலர் கேமை (ஆட்டத்தை இயக்கும் மேடுபள்ளச் சக்கரத்தை) விட்டுத் துள்ளும். முதலில் ரிஜிஸ்டர் ஆடும். பிறகு கேமில் தழும்பு விழும். தழும்பு விழுந்த கேமுக்கு மாற்று கிடைக்காத பழைய மிஷின்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. ஒரு நாளில் கூடுதலாகத் தாள் எடுக்க வேண்டுமென்றால் பிளேட் மாற்றும் நேரத்தையும், கழுவும் நேரத்தையும் குறையுங்கள். மிச்சம் அங்கேதான் கிடைக்கும்.

மோட்டார் மாற்றும்போது மறந்துபோகும் சிறு விஷயம் ஒன்றும் உண்டு. சாதாரண ஏ.சி. மோட்டாரின் மின்விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். அட்டை வேலைக்காக நாள் முழுக்க மெதுவாக ஓட்டினால் மோட்டார் சுடும். தனி விசிறி உள்ள மோட்டாராக வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்டில் படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் காப்பது தண்ணீர்தான். துணி உறை போட்ட ரோலர்களை எடுத்துவிட்டு, இடைவிடாமல் மெல்லிய படலமாக நீர் கொடுக்கும் ஆல்கஹால் அமைப்பை மாட்டுவது பழைய மிஷினுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் என்பது என் கருத்து. நூல் பிசிறு தொல்லை இல்லை, தண்ணீர் சீக்கிரம் நிலைப்படும், கழிவுத் தாள் குறையும். ஆனால் பாதிச் செலவில் பாதி அமைப்பை மாட்டுகிறார்கள். ரோலர் வருகிறது, குளிரூட்டும் தொட்டி வருவதில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் கலந்த நீர் 10 முதல் 12 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் திறந்த தட்டில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். படம் இல்லாத இடத்தில் மை ஏறுவதைப் பார்த்து மிஷின்மேன் ஊற்றிக்கொண்டே இருப்பார். மாதக் கடைசியில் ஆல்கஹால் பில்லைப் பார்த்து முதலாளி என்னைத் திட்டுவார். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து தீ. கேனில் உள்ள ஆல்கஹாலின் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளக் கோடைகூட வேண்டாம், அறை வெப்பமே போதும். பட்டாசுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு ஆல்கஹால் கேனை மிஷின் பக்கத்தில் திறந்து வைப்பதை என்னவென்று சொல்ல?

இரண்டாவது குறை தண்ணீரின் குணம். போர்வெல் தண்ணீரை நேரே ஊற்றினால் அதிலுள்ள கால்சியமும், ஆர்ட் பேப்பர் பூச்சிலிருந்து வரும் கால்சியமும் ரோலர் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். ரோலர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய் மையை ஏற்காது. ரோலர் கெட்டுவிட்டது என்று புது ரோலர் வாங்குவார்கள், ஆறு மாதத்தில் அதுவும் அப்படியே ஆகும். இதைக் கேட்டதும் சிலர் முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்குத் தாவுகிறார்கள். அளவு மீறி மென்மையான நீரும் சரிப்படாது. லிட்டருக்கு ஏறக்குறைய 140 முதல் 210 மில்லிகிராம் கடினத்தன்மை இருக்கும்படி இரண்டையும் கலந்துகொள்ளலாம். பிறகு தண்ணீரில் கலக்கும் ஃபவுண்டன் கரைசலைப் போட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4.8-க்கும் 5.5-க்கும் நடுவில் நிற்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். மீட்டரின் விலை ஒரு ரோலரின் விலைகூட ஆகாது.

மை ரோலர்களைச் சரி செய்யும் வரிசையிலும் தவறு நடக்கிறது. பிளேட்டைத் தொடும் ஃபார்ம் ரோலரை முதலில் பக்கவாட்டில் ஆடும் ரோலரோடு பொருத்த வேண்டும், அதன் பிறகுதான் பிளேட்டோடு. தலைகீழாகச் செய்தால் இரண்டாவது திருகலில் முதலாவது கலைந்துவிடும். பிளேட்டில் விழும் மைக் கோடு ஓரத்துக்கு ஓரம் ஒரே அகலத்தில், பெரும்பாலான மிஷின்களில் 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல் என்றால் பொருத்தியது கோணல். நடுவில் மட்டும் குறுகினால் ரோலரே தேய்ந்திருக்கிறது, திருகிப் பயனில்லை.

யு.வி. அல்லது எல்.இ.டி. யு.வி. விளக்கு மாட்டுகிறவர்கள் விளக்கின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். சாதாரண மை ரோலரின் ரப்பர் யு.வி. மையில் உப்பும். யு.வி.-க்கென்றே ஈ.பி.டி.எம். ரப்பரில் வரும் ரோலரோ, சாதாரண மையிலும் மண்ணெண்ணெயிலும் உப்பும். நம் அச்சகங்களில் எதைக் கழுவவும் மண்ணெண்ணெயில்தான் துணியை நனைப்பார்கள். புதிதாக மாட்டிய ஈ.பி.டி.எம். ரோலர்களைப் பழக்க தோஷத்தில் அப்படிக் கழுவி, இரண்டே வாரத்தில் வீணாக்கிய கதை எனக்குத் தெரியும். இரண்டு மையையும் மாற்றி மாற்றி ஓட்டுவதானால் அதற்கென உள்ள கலப்பு ரப்பரைக் கேட்டு வாங்குங்கள்; கழுவும் திரவத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கிரிப்பர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை முறுக்குவது வைத்தியம் ஆகாது. 0.1 மி.மீ. தடிமனில் தாள் கீற்றுகளை வெட்டி, ஒவ்வொரு கிரிப்பரிலும் ஒன்று வைத்து, கையால் இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஒரு கிரிப்பரின் பேடை (தாள் அழுந்தும் அடித்துண்டை) மட்டும் மாற்றினால் புதியது உயர்ந்து நின்று பக்கத்தில் உள்ளவற்றைத் தளர்த்திவிடும். மாற்றுவதென்றால் ஒரு கிரிப்பர் தண்டில் உள்ள பேடுகள் அனைத்தையும் மாற்றுங்கள். அதற்கும் முன்னால், அடித்த தாள் வந்து விழும் டெலிவரியில், தாள்கள் ஒட்டாதிருக்கத் தெளிக்கும் பவுடரும் எண்ணெயும் குழைந்து கிரிப்பர் தண்டில் சாந்து மாதிரி இறுகியிருக்கும், அதைச் சுரண்டுங்கள். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

தாளில் அடிக்கும் ஆப்செட் முறையே ஒரு தவறில்தான் அமெரிக்காவில் பிறந்தது என்பது அச்சுக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. 1904 வாக்கில் நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர், நேரே தாளில் அடிக்கும் லித்தோ மிஷினை ஓட்டும்போது ஒரு தாள் உள்ளே போகத் தவறியது. படம் இம்ப்ரெஷன் சிலிண்டரின் ரப்பர் விரிப்பில் விழுந்து, அடுத்த தாளின் பின்புறம் நேரடி அச்சைவிடத் தெளிவாகப் பதிந்தது. அந்த மாதிரி லாபமான தவறு என் கண்ணில் இதுவரை படவில்லை.

பட்டால் தீராத தவறு ஒன்று உண்டு. மூடி திறந்தால் மிஷினை நிறுத்தும் மைக்ரோ சுவிட்சை ஒரு ஒயர் துண்டால் இணைத்துவிட்டு, மூடி திறந்தபடியே ஓட்டுவது. ஓடும்போதே பிளாங்கெட்டைத் துடைக்கலாம், நேரம் மிச்சம் என்பார்கள். சிலிண்டர் இடைவெளியில் துணி சிக்கினால் கை துணியோடு போகும். அப்படி ஒயர் போட்ட மிஷினில், ஒயரைக் கழற்றிச் சுவிட்சை மாற்றாமல் வேறு எந்த வேலையையும் நான் தொடங்குவதில்லை. இதற்காக இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரு நாளில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். தொடங்கும் முன் ஒரே சோதனைப் பிளேட்டில் ஐம்பது தாள் அடியுங்கள். நல்ல நீலத் தளமும், மெல்லிய கோடுகளும், நான்கு மூலையிலும் ரிஜிஸ்டர் குறியும் அதில் இருந்தால் போதும். அன்றைய தேதி, பேக்கிங் அளவு, தண்ணீரின் பி.எச்., ஓடிய வேகம் எல்லாவற்றையும் ஒரு தாளின் பின்னால் எழுதி, மிஷின் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுங்கள். மாற்றிய பிறகு அதே பிளேட்டில் மறுபடியும் அடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணாச்சியின் அச்சகத்தில் அந்த ஆணியில் இப்போது ஒன்பது தாள்கள் தொங்குகின்றன. கல்யாணப் பத்திரிகைத் துண்டையும் அவர் கூடவே குத்தி வைத்திருக்கிறார்.