வீட்டுக்குள் செடி வளர்ப்பு: ஈரப்பதத்தை அடக்குவதும் பூஞ்சணத்தைத் தடுப்பதும்

விளக்கு வைத்து வீட்டுக்குள் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் விளக்கின் வாட், உரம், மண் கலவை என்று எல்லாவற்றையும் அலசி ஆராய்வார்கள். காற்றை மட்டும் மறந்துவிடுவார்கள். செடியும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் வளரும். இலைகள் அடர்ந்து ஒன்றோடொன்று உரசத் தொடங்கும் சமயத்தில், ஒருநாள் இலைமேல் மாவு தூவியதுபோல ஒரு வெள்ளைப் படலம் தெரியும். அப்போதுதான் ஈரப்பதம் என்ற சொல்லே நினைவுக்கு வரும்.

அலமாரியிலோ, வளர்ப்புக் கூடாரத்திலோ, அறையின் ஒரு மூலையிலோ க்ரோ லைட் போட்டு பேசில், புதினா, தக்காளி, மிளகாய் நாற்று வளர்க்கிறவர்களுக்கான செய்முறை இது. பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு ஈரப்பதமானி, ஒரு சின்ன ஃபேன், கொஞ்சம் கணக்கு போதும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் புரியும். மீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள். செடியின் இலைகள் இருக்கும் உயரத்தில், விளக்கின் ஒளி நேரடியாகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். இலைக்கூட்டத்துக்குள் இருக்கும் காற்று, அறையின் காற்றைவிட எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

விலை குறைந்த மீட்டர்கள் சில புள்ளிகள் தள்ளிக் காட்டுவது சகஜம். அதைச் சோதிக்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டு தண்ணீர் விட்டுக் குழையுங்கள். ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, உப்பு மீட்டர்மேல் படாமல் மூடி, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அறை வெப்பநிலையில் அந்தக் கவருக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மீட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

இலக்கு என்ன? இளம் நாற்றுகளுக்கு 65 முதல் 75 சதவீதம் வரை இருக்கலாம். நன்கு வளர்ந்த செடிகளுக்கு 50 முதல் 65 வரை. இதில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் பதற வேண்டாம். பதற வேண்டிய எண் வேறு.

படி 2: இரவுக் கணக்கைப் போடுங்கள்

பகலில் மீட்டர் 60 காட்டுகிறது, எல்லாம் சரி என்று நினைத்துத் தூங்கப் போகிறோம். பிரச்சினை விளக்கு அணைந்த பிறகுதான் தொடங்குகிறது.

மீட்டர் காட்டும் சதவீதம், காற்றில் உள்ள நீரின் அளவு இல்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதையே அது சொல்கிறது. ஒரு கன மீட்டர் காற்று 15 டிகிரி செல்சியஸில் சுமார் 13 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 25-இல் 23 கிராம், 30-இல் 30 கிராம்.

இப்போது கணக்குக்கு வருவோம். விளக்கு எரியும்போது 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அப்படியானால் ஒரு கன மீட்டரில் சுமார் 14 கிராம் நீர் இருக்கிறது. விளக்கு அணைந்து வெப்பநிலை 18 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு நீர்கூடச் சேராமலே அதே காற்று 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். போதாததற்கு மண்ணிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். இலைக்கூட்டத்தின் நடுவே பனித்துளி கட்டும் நிலைதான். சாம்பல் பூஞ்சை என்று அழைக்கப்படும் போட்ரைட்டிஸுக்கு இதைவிட வசதியான சூழல் கிடையாது. குளுமையான, அசையாத, ஈரம் நிறைந்த காற்றில் இலைமேல் நீர் சில மணி நேரம் நின்றாலே அதன் வித்துகள் முளைத்துவிடும்.

இரவில் வெப்பநிலை 21-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால், அதே காற்று 75 சதவீதத்தில் நின்றுவிடும். வித்தியாசம் 3 டிகிரிதான். அதனால்தான் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காட்டும் மீட்டர் வேண்டும் என்றேன். காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இரவு தொட்ட உச்ச அளவு. அது 80-க்குள் இருந்தால் நிம்மதி. 85-ஐத் தாண்டியிருந்தால் அன்றே ஏதாவது செய்ய வேண்டும்.

பகல் வெளிச்சம் நுழையாத இடத்தில் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. டைமரை மாற்றி, இரவில் விளக்கு எரியும்படியும் பகலில் அணைந்திருக்கும்படியும் வையுங்கள். வெளியே குளிரும் நேரத்தில் விளக்கின் சூடு செடிக்குக் கிடைக்கும். செடி இருட்டில் இருக்கும் நேரத்தில் வீடு தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். செலவே இல்லாத வைத்தியம்.

படி 3: நீரை எப்போது ஊற்றுகிறீர்கள்?

செடி வேர் வழியாக உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதியை இலை வழியாகக் காற்றில் விட்டுவிடுகிறது. நான்கு தொட்டிக்குத் தலா 250 மில்லி ஊற்றினால், அந்த 1 லிட்டரும் பெரும்பாலும் காற்றுக்குத்தான் போகும். 1.2 மீட்டர் அகல நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட கூடாரத்துக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் 25 டிகிரியில் தாங்கக்கூடியது 66 கிராம் நீராவிதான். நீங்கள் ஊற்றியது அதைப்போல 15 மடங்கு. அறையில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சுவரைத் தடவிப் பார்க்கத் தேவையில்லை, கையில் இருக்கும் பூவாளியைப் பார்த்தால் போதும்.

விளக்கு எரியத் தொடங்கியதும் நீர் ஊற்றுங்கள், அணையும் முன் ஊற்றாதீர்கள். மேல்மண் விரல் நுனியளவு காய்ந்த பிறகுதான் அடுத்த தடவை. தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது காற்றின் ஈரத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டுமே கூட்டும், இலையைத்தான் அதிக நேரம் நனைத்து வைக்கும்.

படி 4: காற்றைச் சுழற்றுவது வேறு, மாற்றுவது வேறு

உள்ளே சுழலும் ஃபேன், இலையை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைக் கலைத்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த ஈரத்தை வெளியே அனுப்பும். முதலாவது மட்டும் இருந்தால் அதே ஈரம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். எனவே இரண்டும் வேண்டும்.

சுழலும் ஃபேனைச் செடியின் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். சுவரைப் பார்த்தோ, இலைக்கூட்டத்தின் மேலாகவோ வீசட்டும். எல்லா இலையும் லேசாக அசைந்தால் போதுமானது. விளக்கு அணைந்தாலும் இந்த ஃபேன் ஓட வேண்டும். பலர் விளக்கையும் ஃபேனையும் ஒரே டைமரில் மாட்டிவிடுகிறார்கள். காற்றோட்டம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஃபேன் நின்றுவிடும்.

எக்ஸாஸ்ட் மேலே ஒரு பக்கமும், காற்று நுழையும் வழி கீழே எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். விளக்கு அணைவதற்கு அரை மணி முன்னும் அணைந்த பின் ஒரு மணி நேரமும் அதை வேகமாக ஓடவிடுங்கள்.

ஆனால் வெளிக்காற்று உதவுமா, கெடுக்குமா என்பதைச் சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெளியே 20 டிகிரி, 80 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு சுமார் 14 கிராம் நீர். கூடாரத்தில் 25 டிகிரி, 75 சதவீதம் என்றால் சுமார் 17 கிராம். வெளிக்காற்றை உள்ளே இழுங்கள், நிச்சயம் காய்ச்சும். அதுவே வெளியே 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் 21 கிராம். எண் குறைவாகத் தெரிந்தாலும் அது ஈரத்தைத்தான் கொண்டுவரும். அந்த மாதிரி நாட்களில் எக்ஸாஸ்டைக் குறைத்துவிட்டு அடுத்த படிகளை நம்புங்கள்.

படி 5: இலைகளைக் கழியுங்கள்

செடியின் அடியில், வெளிச்சமே படாத இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மண்ணைத் தொடும் இலை, பழுத்த இலை, உதிர்ந்த பூவிதழ் எதையும் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள். சாம்பல் பூஞ்சை பெரும்பாலும் செத்த பாகத்தில் கால் ஊன்றிவிட்டுத்தான் உயிருள்ள தண்டுக்குத் தாவும். தொட்டிகளுக்கு நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் ஒரு தொட்டியைக் குறைப்பதே நல்லது.

படி 6: அப்புறமும் குறையவில்லையா?

அப்போதுதான் டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தெடுக்கும் கருவி. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தொங்கவிடச் சொல்லும் யோசனைகள் நிறைய உலாவுகின்றன. 100 கிராம் சிலிக்கா ஜெல் அதிகபட்சம் 40 கிராம் அளவுக்குத்தான் நீரை ஏற்கும். தினமும் லிட்டர் கணக்கில் நீர் ஊற்றுமிடத்தில் அது எந்த மூலைக்கு? கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரச் சில்லால் குளிரூட்டும் பெல்டியர் வகைச் சின்னக் கருவிகளும் அலமாரி அளவு இடத்துக்கு மேல் தாங்காது. கம்ப்ரஸர் உள்ள கருவிதான் வேலை செய்யும், அதுவும் அறை மிகவும் குளிர்ந்துவிட்டால் திணறும். நீங்கள் தினமும் ஊற்றும் நீரின் அளவே அது தினமும் இழுக்க வேண்டிய அளவு என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.

படி 7: பூஞ்சணம் வந்தேவிட்டால்

முதலில் எது என்று அடையாளம் காணுங்கள்.

மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு: பெரும்பாலும் மட்கும் பொருளைத் தின்னும் பூஞ்சை. செடியை ஒன்றும் செய்யாது. மேல்மண்ணைக் கிளறிக் காயவிட்டால் போய்விடும்.

நாற்றின் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து சாய்கிறது: நாற்றழுகல். அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றுக்கு நீரைக் குறையுங்கள்.

இலைமேல் வெள்ளைப் பொடி: சாம்பல் நோய். விரலால் துடைத்தால் போகும், சில நாளில் திரும்ப வரும். இதற்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதித்த இலைகளை எடுத்துவிட்டு, 1 பங்கு பாலில் 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்துப் பாருங்கள். பாட்டி வைத்தியம் போலத் தோன்றும். ஆனால் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆராய்ச்சியாளர் பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினி என்ற பூசணி வகைச் செடிகளில் சோதித்து, பால் கரைசல் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துவதை 1999-இல் வெளியிட்டிருக்கிறார். விளக்கு எரியும்போது, ஃபேன் ஓடும்போது தெளியுங்கள், இலை சீக்கிரம் காய வேண்டும். மற்ற பூஞ்சணங்களுக்கு இதை நம்ப வேண்டாம்.

பேசில் இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டு: சத்துக் குறைபாடு என்று நினைத்து உரம் போடுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த தூள் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். நல்ல இலைகளை அறுவடை செய்துகொண்டு செடியை அகற்றிவிடுங்கள்.

பழுப்பாக அழுகிய இடத்தில் சாம்பல் நிற மயிர்ப் படலம்: இதுதான் சாம்பல் பூஞ்சை, இங்கேதான் நிதானம் தேவை. தொட்டவுடன் வித்துகள் புகைபோலக் கிளம்பும். முதலில் எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். முகக்கவசம் அணியுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. ஒரு பிளாஸ்டிக் கவரைப் பாதித்த பகுதியின் மேல் மெல்லக் கவிழ்த்து, அதற்குள்ளேயே தண்டை நல்ல பாகம் வரை வெட்டி, கவரின் வாயைக் கட்டியபின் வெளியே எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஃபேனைப் போடலாம்.

அடித்தண்டிலேயே அழுகல் இருந்தால் முழுச் செடியையும் கட்டி வெளியேற்றிவிடுங்கள். தொட்டியையும் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அந்த மண்ணை அடுத்த நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.