ராயல் ஏர் ஃபோர்ஸ் அரைச் சிறகு: காலம் கணிப்பதும் நகலைப் பிடிப்பதும்

இரண்டாம் உலகப் போர்க்கால ராயல் ஏர் ஃபோர்ஸ் (பிரிட்டிஷ் விமானப்படை) பேட்ஜ் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கிரீடத்தைத்தான் தேடுவார்கள். ஆட்சியில் இருப்பவரைப் பொறுத்துக் கிரீடத்தின் வடிவம் மாறியதால், விமானியின் இரட்டைச் சிறகின் காலத்தைக் கணிக்க அது ஓரளவு உதவும். இப்போதைய மன்னர் மூன்றாம் சார்லஸ் பழைய வடிவக் கிரீடத்தையே திரும்பக் கொண்டுவந்துவிட்டதால் அங்கும் இப்போது கவனம் தேவை. ஆனால் கூடப் பறந்த மற்றவர்கள் அணிந்த அரைச் சிறகில் கிரீடமே கிடையாது; ஒற்றைச் சிறகும் அவரவர் வேலையைக் குறிக்கும் எழுத்தும்தான் இருக்கும். எழுத்து, நூல், பறப்புப் பதிவேடு மூன்றும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்து. வழி காட்டி, குண்டும் போட்ட அப்சர்வரின் 'ஓ' 1915-இல் வந்தது. வட்டமே எழுத்து என்பதால் மற்ற எழுத்துகளைப் போல அதைச் சுற்றி இலை வளையம் இருக்காது. (பட்டாளத்தார் அதற்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது, வட்டத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.) வழி காட்டுவதும் குண்டு போடுவதும் ஒரே ஆளால் முடியாத அளவுக்கு வேலை பெருத்ததும், 1942-இல் 'ஓ'-வை நிறுத்தி நேவிகேட்டருக்கு 'என்', குண்டு வீசுபவருக்கு 'பி' என்று பிரித்தார்கள். ஏற்கெனவே 'ஓ' வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றவில்லை. 1944-ஆம் ஆண்டுப் படத்தில் 'ஓ' தெரிந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள்.

விமானத் துப்பாக்கி வீரரான ஏர் கன்னரின் 'ஏஜி' 1939 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் கன்னர்கள் சட்டைக் கையில் சிறகு முளைத்த பித்தளைத் தோட்டா அணிந்தார்கள். வயர்லெஸ் ஆபரேட்டர்-கன்னரும் 'ஏஜி'தான் போட்டிருந்தார். வயர்லெஸ் வேலை பார்த்த சிக்னலருக்கான 'எஸ்' 1944-இல்தான் வந்தது. 1943-இல் இறந்தவரின் பெட்டியில் 'எஸ்' இருந்தால், யாரோ பின்னால் சேர்த்தது.

அடுத்து நூல். இருட்டறையில் 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடியுங்கள். துணிக்கும் நூலுக்கும் வெண்மையூட்டி ரசாயனம் சேர்ப்பது போருக்குப் பிறகு பரவிய பழக்கம். எழுத்து நீல வெள்ளையாகப் பளீரென்று எரிந்தால் சந்தேகப்படுங்கள். இதில் இரண்டு பொறிகள் உண்டு. அசலை யாராவது நவீன சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். அப்போது கருநீலப் பின்துணியிலும் திட்டுத் திட்டாக ஒளி தெரியும். வெண்மையூட்டி இல்லாத நூலில் தைத்த நகலோ ஒளிரவே ஒளிராது. ஆகவே ஒளிராதது மட்டும் அசல் என்பதற்குச் சான்று ஆகாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (சிறு உருப்பெருக்கியில்) பின்புறத்தைப் பாருங்கள். பின்பக்கம் தொங்கும் இழையில் இரண்டு மில்லிமீட்டர் போதும். இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியும் பட்டும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். அது போர்க்காலப் பொருள் அல்ல.

தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் 'பழமை' ஏற்றியவை நிறைய சுற்றுகின்றன. அவற்றில் முன்னும் பின்னும் ஒரே பழுப்பு. உண்மையில் அணிந்ததில் முன்பக்கம் வெளிறும். உள்ளே மடித்த ஓரத்தைப் பிரித்தால் கருநீலம் புதுசாக இருக்கும். ஓரத்தைச் சுற்றிக் கைத்தையலின் சீரற்ற துளைகளும் அறுந்த நூல் முனைகளும் இருப்பது நல்ல அறிகுறி. சட்டையிலேயே தைத்திருந்தால் பிரிக்கவே கூடாது.

ஆளோடு பொருத்திப் பார்க்கப் பறப்புப் பதிவேடு வேண்டும். விமானியுடையது படிவம் 414, மற்றவர்களுடையது 1767. பயிற்சி முடித்த தேதியை எழுத்தின் காலத்தோடு ஒப்பிடுங்கள். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். படைப்பிரிவு தெரிந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' தொகுப்பில் அன்றைய பறப்புக் குறிப்பைத் தேடலாம். பதிவேடும் பேட்ஜும் வெவ்வேறு இடத்தில் வாங்கியவை என்றால், சேர்த்து விற்கும்போது அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

துவைக்காதீர்கள், சாயம் வெள்ளை நூலில் இறங்கிவிடும். அந்துப்பூச்சி சந்தேகம் இருந்தால் அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அறை வெப்பத்தில் கிடக்கட்டும். முன்பே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து பூஞ்சைக்கு வழிவிடும்.