ஓவியத்துக்குள்ள கொலைகாரனைத் தேடுறவங்க விடுற பிழையள்

போன ஞாயிறு திருகோணமலை உவர்மலையில எங்கட வாசிப்பு வட்டத்துக்குப் புதுசா வந்த ரெண்டு பெடியள் வோல்டர் சிக்கர்ட் எண்ட இங்கிலாந்து ஓவியரின்ட படங்களைப் போன்ல பெருப்பிச்சுக் காட்டி, "அண்ணா, ஜாக் த ரிப்பர் இவர்தான், பாருங்க" எண்டாங்க. ரிப்பர் எண்டது லண்டன்ல பொம்பிளையளைக் கொலை செய்து, ஆரெண்டு இண்டைவரைக்கும் தெரியாத ஒருத்தனுக்கு வந்த பேர். ஏழு வருசத்துக்கு முதல் நானும் இப்பிடித்தான் நிண்டனான், அதாலதான் இதை எழுதுறன்.

வருசத்தைப் பாக்காதது

ரிப்பரின்ட லண்டன் வைட்சப்பல் கொலையள் நடந்தது 1888ல. சிக்கர்ட் 'ஜாக் த ரிப்பரின் படுக்கையறை' கீறினது 1907 அளவில. இடையில கிட்டத்தட்ட இருபது வருசம். கேம்டன் டவுன் பக்கம் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார மனுசி, முந்தி இந்த அறையில இருந்த பெடியன்தான் ரிப்பர் எண்டு தனக்குச் சந்தேகம் எண்டு சொல்லியிருக்கிறா, அந்தக் கதையைக் கேட்டுத்தான் அறையைக் கீறினவர்.

நிழலைக் காயமெண்டு எடுக்கிறது

ஒரிஜினலே இருட்டுப் படம். போன்ல பெருப்பிச்சுப் பாத்து முடிவெடுக்காதீங்க.

படத்தின்ட பேரைச் சாட்சியா எடுக்கிறது

இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும். 1907 செப்டம்பர்ல கேம்டன் டவுன்ல எமிலி டிம்மக் எண்ட பொம்பிளையைக் கட்டில்ல வச்சுக் கழுத்தை வெட்டிக் கொலை செய்தாங்க. ரொபர்ட் வுட் எண்டவரைப் பிடிச்சு வழக்கு நடத்தி, டிசம்பர்ல விடுதலை பண்ணிட்டாங்க, கொலைகாரன் ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு சிக்கர்ட் 'கேம்டன் டவுன் கொலை' எண்ட பேரில கொஞ்சப் படம் கீறினவர். அதில ஒண்டில ஒரு ஆம்பிளை கட்டில் ஓரத்தில தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் கோத்துக்கொண்டு இருக்கிறான், பின்னால உடுப்பில்லாம ஒரு பொம்பிளை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறா. நான் அந்தக் கையைப் பாத்து "கொலை செய்த கை" எண்டும் குனிஞ்ச தலையைப் பாத்து "குற்ற உணர்ச்சி" எண்டும் பதினாறு பக்கம் எழுதி, கொமினிகேஷன் கடையில குடுத்து நாப்பது போட்டோக்கொப்பி அடிச்சு, பன்னிரண்டாயிரம் ரூபா கைக்காசு போட்டு, வட்டத்தில எல்லாருக்கும் பங்கிட்டுக் கதைச்சு முடிக்க, பின்னால இருந்த ரிட்டயர் டீச்சர் ஒராள் எழும்பிக் கேட்டா, "தம்பி, இந்தப் படத்துக்கு 'வாடகைக்கு என்ன செய்யப் போறம்?' எண்டும் ஒரு பேர் இருக்கெல்லோ?"

எனக்குத் தெரியாது. அந்தப் பேரோட திரும்பப் பாத்தன். அதே கை, அதே குனிஞ்ச தலை, அவன் இப்ப கையில காசில்லாத புருசன், அவ அழுது களைச்சுப் படுத்திருக்கிற பொஞ்சாதி. ஒரு கோடும் மாறேல்ல.

எங்கட கோணேசர் கோயிலடியில ராவணன் வெட்டைப் பாருங்க. பேர் தெரியாம வாறவருக்கு அது கடலுக்கு இறங்குற மலைப்பிளவு, எங்களுக்குச் சின்னனில இருந்தே வாள் இறங்கின தடம். பேர்தான் கண்ணை இழுக்குது. அதால இப்ப பேரை மறைச்சு வச்சு, கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் முதல்ல கொப்பியில எழுதுவன், பிறகுதான் பேர், வருசம், எந்தக் கண்காட்சியில வச்சது எண்டு தேடுவன்.

ஆள் அப்ப எங்க நிண்டவர் எண்டு தேடாதது

கொலையள் நடந்த 1888 செப்டம்பர்ல சிக்கர்ட் பிரான்ஸில நிண்டதா வீட்டாக்களின்ட கடிதங்கள் சொல்லுது. படத்துக்கு முதல் இதைத் தேடுங்க.

டிஎன்ஏ எண்டதும் வாயடைச்சுப் போறது

ரிப்பர் பேரில வந்த கடிதங்களில எடுத்தது தாய்வழி டிஎன்ஏ, அது ஒரே மாதிரி கனபேருக்கு இருக்கும். அப்பிடியே சிக்கர்ட்டோட பொருந்தினாலும் அவர் கடிதம் எழுதினார் எண்டதுக்கு மேல ஒண்டும் வராது. பொலிசுக்கும் பேப்பர்காரருக்கும் ரிப்பர் எண்டு நூற்றுக்கணக்கில கடிதம் போனது, கொலை செய்யாதவங்களும் எழுதினவங்க.

செத்தவங்கட பேரை விடுறது

அந்தப் பெடியள்ட நோட்ஸ்ல சிக்கர்ட்டின்ட பேர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெலி எண்ட, ரிப்பர் கொலை செய்ததாச் சொல்லுற அஞ்சு பொம்பிளையளின்ட பேரும் ஒரு இடத்திலயும் இல்ல. அங்கயே இருந்து முதல் பக்கத்தில எழுதச் சொன்னன், திகதியோட எழுதினாங்க.