கிளியின் இறகில் புது நிறம்: மருந்துக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

பச்சைக்கிளியின் முதுகில் ஒரு நாள் மஞ்சள் இறகு ஒன்று தலைகாட்டுகிறது. சிலர் உடனே சத்து மருந்து வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் அபூர்வக் கிளி என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் அவசரம் இல்லை. கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: உதிர்ந்த பச்சை இறகை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள்

வெளிச்சம் இறகின் பின்னாலிருந்து ஊடுருவும்போது பசுமை மங்கி, மஞ்சளும் பழுப்பும்தான் தெரியும். காரணம், கிளியிடம் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகு ஆன கெரட்டின் என்ற புரதத்தில் உள்ள நுண்துளைகள் ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகின்றன. அடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி மற்ற ஒளியை விழுங்கி, அந்த நீலத்தை எடுப்பாக்குகிறது. அதனுடன் மஞ்சள் நிறமி சேர்ந்தால் நம் கண்ணுக்குப் பச்சை.

இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதி குழப்பம் தீரும். மெலனின் இல்லாத இடத்தில் மஞ்சள் மட்டும் மிஞ்சும். மஞ்சள் நிறமி இல்லையென்றால் நீலம். இரண்டும் இல்லையென்றால் வெள்ளை. பட்ஜி என்ற சிறு வளர்ப்புக் கிளிகளில் நீல வகை உருவாவது ஒரே நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால்தான் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப் பிறவியிலேயே வரும் நிறம் நோய் அல்ல.

கிளிகளின் மஞ்சளையும் சிவப்பையும் தரும் நிறமிக்குச் சிட்டகோஃபல்வின் என்று பெயர். ஃபிளமிங்கோ (பூநாரை) தன் இளஞ்சிவப்பை உணவிலிருந்து பெறுகிறது. கிளியோ இந்த நிறமியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே கேரட் ஊட்டிக் கிளியைச் சிவப்பாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

படி 2: கறையா என்று பாருங்கள்

வெதுவெதுப்பான வெறும் நீரைத் தெளித்து உலர விடுங்கள்; சோப்பு வேண்டாம். என் கிளியின் மார்பில் 'மாறிய நிறம்' ஒருமுறை பழச்சாறாக முடிந்தது. நாம் ஓயாமல் தடவும் இடத்திலும் கை எண்ணெய் படிந்து இறகு கருக்கும்.

படி 3: வயதையும் இனத்தையும் சரிபாருங்கள்

பட்ஜிக் குஞ்சின் நெற்றிக் கோடுகள் மூன்று, நான்கு மாதத்தில் மறையும். ஆண் பச்சைக்கிளிக்குக் கழுத்தில் ஆரம் முழுதாக விழ மூன்று வயதுவரைகூட ஆகலாம். எக்லெக்டஸ் கிளிகளில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. அவற்றை இரு வேறு இனங்கள் என்றே முன்பு நினைத்தார்கள்.

படி 4: எங்கே, எத்தனை, எப்போது?

முளைத்து முடிந்த இறகு நகம்போல உயிரற்றது. தேய்வதும் வெளிறுவதும் தவிர, அதன் நிறம் உள்ளிருந்து மாறாது. இன்று தெரியும் மஞ்சள், அந்த இறகு வளர்ந்த வாரங்களில் நடந்ததைத்தான் சொல்கிறது. அப்போது கிளிக்கு என்ன ஆயிற்று? காயமா, இட மாற்றமா, பயமா? இறகின் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடினால், வளரும்போது ஏதோ இடையூறு இருந்தது என்று கொள்ளலாம்.

ஒரே இடத்தில் ஓரிரு இறகு என்றால், அங்கே இறகு பிடுங்கப்பட்டோ, இறகு முளைக்கும் தோல்குழி அடிபட்டோ இருக்கலாம். அடுத்த இறகுதிர்ப்புவரை, அதாவது பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்வரை, காத்திருங்கள். பல சமயம் பழைய நிறமே திரும்பிவிடும். நிறம் மாறிய இறகைப் பிடுங்கிச் 'சோதிக்க' வேண்டாம். வளரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுகிறது, குழியும் கெடும்.

ஒவ்வோர் உதிர்ப்பிலும் எண்ணிக்கை கூடினால்தான் கவலை. காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளியின் சாம்பல் இறகுகளுக்கிடையே மஞ்சள் பரவுவது, அமேசான் கிளியின் பச்சையில் கருப்பு விளிம்பு கட்டுவது, சாம்பல் கிளியின் உடலில் சிவப்பு முளைப்பது ஆகியவற்றுக்குப் பின்னால் கல்லீரல் கோளாறோ ஊட்டக்குறைவோ இருக்கக்கூடும். ஆனால் சாம்பல் கிளியின் சிவப்பு சில சமயம் வெறும் இயல்பான மாறுபாடுதான். நிறத்தை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

படி 5: உணவுத் தட்டையும் எச்சத்தையும் பாருங்கள்

சூரியகாந்தி விதை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏ குறைவு. கிளிகளுக்கான பெல்லட் (குருணைத் தீவனம்), கீரை, காய்கறி ஆகியவற்றுக்கு மெல்ல மாற்றுங்கள். வைட்டமின் தூளை மருத்துவர் சொல்லாமல் கலக்காதீர்கள். ஏ, டி இரண்டும் அளவு மிஞ்சினால் நஞ்சு. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பாருங்கள்.

படி 6: இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

புது இறகுகள் நெளிந்தோ இடுங்கியோ முளைத்து உதிர்கின்றன, அலகு நீண்டு உடைகிறது, எடை சரிகிறது. இவை சர்க்கோவைரஸால் வரும் அலகு–இறகு நோயாக இருக்கலாம். அது இறகுத் தூசியாலும் எச்சத்தாலும் பரவும். அந்தக் கிளியை மற்றப் பறவைகளிடமிருந்து உடனே பிரித்துவிட்டு, பறவை மருத்துவரிடம் போங்கள். உதிர்ந்த இறகுகளை உறையில் போட்டு, தேதி எழுதி, எடைக் குறிப்போடு எடுத்துச் செல்லுங்கள். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். எந்த உதிர்ப்பில் மாற்றம் தொடங்கியது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.