கடையை விற்கலாம், நட்சத்திரத்தை?

பினாங்கு லெபோ பாசாரில், மாமாவின் பாத்திரக்கடை மாடியில் இருந்துகொண்டு 11 வருடம் ஈபே இணையச் சந்தையில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்றேன். இப்போது முழங்கால் வலி, நிறுத்திவிட நினைத்தேன். பட்டர்வொர்த் தம்பி ஒருவர், "அக்கா, அக்கவுண்டையே கொடுத்திடுங்க, 8,000 வெள்ளி தர்றேன்" என்றார் (வெள்ளி என்றால் எங்கள் ஊர் ரிங்கிட்). ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் விதியைப் படியுங்கள். ஈபே தன் சம்மதமில்லாமல் கணக்கையும் ஃபீட்பேக்கையும் (வாங்கியவர்கள் எழுதும் கருத்து, அதனால் சேரும் நட்சத்திரம்) கைமாற்ற விடுவதில்லை. சரி, விதியே இல்லை என்று வையுங்கள். "தண்டில் கீறல் இருப்பதை முன்பே படமெடுத்துக் காட்டினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் நம்பியது என்னை. அதைத் தம்பிக்கு எப்படி விற்பது?

விற்கக்கூடியது வேறு: சரக்கு, நீங்கள் எடுத்த படங்கள், மொத்த வியாபாரியின் நம்பர் (அவரைக் கேட்டுக்கொண்டு தாருங்கள்), கட்டும் பக்குவம். (விளக்கைத் திருகிக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள், அன்னத்தின் மூக்குதான் முதலில் வளையும்.)

வாங்கியவர்களின் விலாசங்களை மட்டும் தராதீர்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது நம்மை நம்பிக் கொடுத்த வீட்டு விலாசம். நிறுத்தப்போவதைக் கடைப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். நிலுவை ஆர்டர், ரிட்டர்ன் கெடு எல்லாம் முடிந்த அப்புறம் கணக்கை மூடுங்கள்.

சரக்குக்கு 3,200 வெள்ளி வாங்கினேன். தம்பி புதுக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். முதல் மாதம் இரண்டே விளக்குதான் போனதாம். வாரம் தவறாமல் போனில் புலம்புகிறார்.