மருத்துவமனை மென்பொருளுக்குத் தரநிலை: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மருத்துவமனை மென்பொருளை நிறுவப்போகும் ஒரு குழுவிடம், தரவுக்கு எந்தத் தரநிலை என்று கேட்டுப் பாருங்கள். "ஃபயர்" என்று பட்டென்று பதில் வரும். மருத்துவத் தரவை மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதற்கான தரநிலை, எச்.எல்.7 அமைப்பின் தயாரிப்பு அது, எழுத்தில் எஃப்.எச்.ஐ.ஆர். நல்ல தேர்வுதான், இந்தியாவின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் அதோடு தரநிலை வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்களே, பெரிய தவறு அதுதான்.

ஒரு பரிசோதனை முடிவில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை ஃபயர் சொல்லும். கட்டத்துக்குள் எந்தக் குறியீட்டைப் போடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தச் சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். லேப் சீட்டில் எஃப்.பி.எஸ். (வெறும் வயிற்றில்), பி.பி.பி.எஸ். (சாப்பிட்ட பின்), ஆர்.பி.எஸ். (ஏதாவது ஒரு நேரத்தில்) என்று மூன்று விதமாக வரும். மூன்றையும் 'சுகர்' என்ற ஒரே பெயரில் பதிந்துவிட்டால் 150 என்ற எண்ணுக்கு என்ன பொருள்? வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் அது சர்க்கரை நோய் அளவு, ஏனென்றால் அங்கே எல்லை 126. சாப்பிட்ட பின் எடுத்ததென்றால் அப்படிச் சொல்லிவிட முடியாது. இதைப் பிரித்துக்காட்டத்தான் லாயின்க் என்ற பரிசோதனைக் குறியீடுகள் இருக்கின்றன: பொதுவான குளுக்கோஸுக்கு 2345-7, வெறும் வயிற்றுக்கு 1558-6.

அலகிலும் இதே வம்பு உண்டு. நம் லேப்கள் மில்லிகிராம்/டெசிலிட்டரில் எழுதும், பிரிட்டனில் மில்லிமோல்/லிட்டர். இங்கே 126 என்பது அங்கே 7.0. அதற்கு லாயின்க் எண்ணே வேறு: 14749-6. அலகை ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்ய விடாமல், யூ.சி.யூ.எம். என்ற அலகுத் தரநிலைப்படி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.

அடுத்த சறுக்கல், ஐ.சி.டி. என்ற நோய் வகைப்பாட்டுக் குறியீட்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 முதன்மையாக நோய், இறப்புப் புள்ளிவிவரங்களுக்கானது. அதில் பாம்பு விஷம் என்றால் T63.0, அவ்வளவுதான். கடித்தது நாகமா, கண்ணாடி விரியனா, நரம்பு பாதித்ததா, ரத்தம் உறையாமல் போனதா என்பதெல்லாம் அந்த ஒரே குறியீட்டுக்குள் மறைந்துவிடும். வார்டில் இருக்கும் டாக்டருக்கு அந்த விவரங்கள்தான் முக்கியம். சிகிச்சைப் பதிவுக்கு ஸ்நோமெட் சி.டி. போன்ற விரிவான சொற்றொகுதியை வைத்துக்கொண்டு, அரசு அறிக்கைக்கு மட்டும் அதை ஐ.சி.டி.க்கு மாற்றித் தருவதே சரியான வழி.

ஸ்நோமெட் என்றதும் உரிமம் நினைவுக்கு வர வேண்டும். மென்பொருள் திறமூலம் என்பதாலேயே உள்ளே இருக்கும் குறியீடுகளும் இலவசம் ஆகிவிடாது. இந்தியா 2014 முதல் ஸ்நோமெட் உறுப்பு நாடு, அதனால் இங்கே கட்டணம் இல்லை. அதே குறியீட்டுத் தொகுப்பை உங்கள் மென்பொருளோடு கட்டி, உறுப்பினர் அல்லாத நாட்டுக்கு விநியோகித்தால் சிக்கல். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சி.பி.டி. என்ற சிகிச்சை நடைமுறைக் குறியீடுகளுக்கும் உரிமம் வாங்கியாக வேண்டும். ஓப்பன்எம்.ஆர்.எஸ். என்ற திறமூல மருத்துவப் பதிவு மென்பொருளின் சமூகத்தில் பலரும் சியெல் என்ற பொது அகராதியை எடுத்துக்கொள்கிறார்கள். அதிலுள்ள சொற்களுக்கு ஸ்நோமெட், லாயின்க், ஐ.சி.டி. இணைப்புகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். புதிதாக அகராதி கட்ட உட்காரும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய பதிப்பு என்றால் சிறந்த பதிப்பு என்ற ஆசையும் வேண்டாம். ஃபயரின் ஐந்தாம் பதிப்பான ஆர்5 2023இல் வந்துவிட்டது. ஆனால் இந்திய மிஷனின் விதிமுறைகள் முந்தைய பதிப்பான ஆர்4 அடிப்படையில் எழுதப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே சில புலங்களின் (தரவுக் கட்டங்களின்) பெயரே மாறியிருக்கிறது: நோயாளி வருகையில் 'பீரியட்' என்று இருந்தது ஆர்5இல் 'ஆக்சுவல்பீரியட்' ஆகிவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் எதைப் படிக்கிறாரோ அதை அனுப்புங்கள்.

அப்புறம், இருக்கிற தரவுத்தளத்தை உடைத்து ஃபயர் வடிவில் திருப்பிக் கட்டும் யோசனை. பெரும்பாலும் தேவையே இல்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்எம்.ஆர்.எஸ். தன் பழைய அமைப்பை வைத்துக்கொண்டே, வாசலில் மட்டும் ஒரு தனி மாட்யூல் மூலம் ஃபயர் பேசுகிறது.

கடைசியாக, பெயரும் பிறந்த தேதியும். ஃபயர் பெயரைக் குடும்பப் பெயர், இடுபெயர் என்று பிரிக்கும். "சு. முருகன்" என்பவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, 'சு' அப்பாவின் பெயர். ஒரு மருத்துவமனை அதைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் இன்னொன்று இடுபெயரிலும் போட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். முழுப் பெயரை அப்படியே எழுத 'டெக்ஸ்ட்' என்ற புலம் இருக்கிறது. அதை எப்போதும் நிரப்புங்கள், இனிஷியலை எங்கே வைப்பது என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

வயது மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போடும் பழக்கமும் இப்படித்தான். ஃபயரில் வெறும் ஆண்டை மட்டும் எழுத இடமுண்டு, ஓப்பன்எம்.ஆர்.எஸ்.ஸில் 'இது உத்தேசத் தேதி' என்று குறிக்கத் தனிப் புலமே இருக்கிறது. டிஜிட்டல் மிஷனில் ஒருவரின் பழைய பதிவுகளைத் தேடும்போதும் பிறந்த ஆண்டைத்தான் கேட்கிறார்கள், முழுத் தேதியை அல்ல.