பேரடைகளின் திரட்சியை ஸ்லோன் தரவிலிருந்து அளக்கும் முறை

நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட் வானாய்வகத்திலுள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 2000-இல் தொடங்கிய ஸ்லோன் வான் அளவாய்வு வெளியிட்டுள்ள தரவை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அதன் முதன்மைப் பேரடைத் (கேலக்ஸி) தொகுதியை வைத்துக்கொண்டு, பேரடைகள் ஒன்றுக்கொன்று எந்த இடைத்தொலைவில் எவ்வளவு திரண்டுள்ளன என்பதை வீட்டுக் கணினியிலேயே அளந்துவிட முடியும்.

அளவாய்வின் ஸ்கைசர்வர் இணையதளத்தில் எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியில் வினவல் எழுதி, ஒவ்வொரு பேரடைக்கும் வானில் அதன் இடத்தைக் குறிக்கும் வலயேற்றம், நடுவரை விலக்கம், தொலைவைக் காட்டும் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு), சிவப்புப் பட்டையின் ஒளிப்பொலிவெண் (மங்கலாக மங்கலாகக் கூடும் எண்) ஆகிய நான்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சியில் எச்சரிக்கைக் குறி உள்ளவற்றை நீக்கிவிடுங்கள். முதன்மைத் தொகுதிக்குரிய இலக்குக் குறியையும் நிபந்தனையில் சேர்க்காவிட்டால், வேறு விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தொலைதூரச் செம்பேரடைகள் கலந்துவிடும். பிறகு பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகத்தால் செம்பெயர்ச்சியை உடன்நகர் தொலைவாக (அண்டத்தின் விரிவை நீக்கிய தொலைவாக) மாற்றினால் முப்பரிமாண இடங்கள் கிடைக்கும்.

இத்தொகுதி 17.77 என்ற ஒளிப்பொலிவெண்ணோடு நின்றுவிடுவதால், தொலைவு கூடக் கூட மங்கிய பேரடைகள் பட்டியலிலிருந்து மறைகின்றன. அது வெளியில் உள்ள வெறுமை அன்று. எனவே செம்பெயர்ச்சி 0.02 முதல் 0.1 வரையும், தனி ஒளிப்பொலிவெண் (தொலைவின் விளைவை நீக்கிய உண்மைப் பொலிவு) −20.7-ஐவிடப் பொலிவாகவும் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான பிழைகள் நுழையும் இடம் அடுத்த படிதான். திரட்சி என்பது ஒப்பீட்டு அளவு என்பதால், பேரடைகள் திரளாமல் பரவியிருந்தால் இதே அளவாய்வு எதைக் கண்டிருக்கும் என்பதைக் காட்டும் தற்போக்காகத் தூவிய புள்ளிகளின் பட்டியல் தேவை. அப்புள்ளிகள் அளவாய்வு நோக்கிய வானப்பரப்பின் விளிம்புகளையும், பொலிவான விண்மீன்கள் மறைத்த துளைகளையும், தரவின் அதே தொலைவுப் பரவலையும் பின்பற்ற வேண்டும். எண்ணிக்கையில் பேரடைகளைவிடக் குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும். வெறும் செவ்வகப் பரப்பில் புள்ளிகளைத் தூவினால், வானில் இல்லாத கட்டமைப்பு ஒன்று வரைபடத்தில் எழுந்து நிற்கும்.

இனி ஒவ்வொரு இடைத்தொலைவிலும் அமைந்த இணைகளை எண்ணலாம். 1993-இல் லாண்டி, சலாய் என்ற இரு வானியலாளர்கள் தந்த மதிப்பீட்டின்படி, பேரடை இணைகளிலிருந்து பேரடை–புள்ளி இணைகளின் இரு மடங்கைக் கழித்து, புள்ளி இணைகளைக் கூட்டி, வரும் விடையைப் புள்ளி இணைகளால் வகுக்க வேண்டும். மூன்று எண்ணிக்கைகளையும் அந்தந்த வகையில் அமையக்கூடிய மொத்த இணைகளால் முன்பே வகுத்திருக்க வேண்டும். எண்ணும் வேலையைக் கார்ஃபங்க் நிரல் விரைவாக முடித்துவிடும்.

கொத்துகளுக்குள் பேரடைகள் நகரும் வேகம் செம்பெயர்ச்சியில் கலந்து, கொத்துகளைப் பார்வைக்கோட்டில் நீட்டிக் காட்டும். ஆகவே இந்த நீட்சி பாதிக்காதபடி பார்வைக்கோட்டு வழியே கூட்டித் தொகுத்த திரட்சி அளவையே (வீழ்த்தத் தொடர்பு) நம்புங்கள். அதிலிருந்து பெறும் திரட்சிச் சார்பு இடைத்தொலைவின் ஏறத்தாழ −1.8 அடுக்கில் இறங்கும். சுமார் 150 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) இடைத்தொலைவில் 2005-இல் கண்டறியப்பட்ட, இளம் அண்டத்தின் ஒலியலைகள் விட்ட தடத்தை இவ்வளவு சிறிய கன அளவில் தேட வேண்டாம். அதற்கு முன்பு விலக்கிய அந்தச் செம்பேரடைத் தொகுதிதான் ஏற்றது.